ஸ்கேனில் தெரியவில்லை என்றால்...?

மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று துறையில் கேட்டபோது நான் எழுத நினைத்தது ஆப்டிகல் ஃபைபரைப் பற்றி. இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவள், டாக்டருக்குப் படிக்கிறவள் இல்லை. ஆனால் ஒரு மெஷின் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று கேட்பது நம் பாடத்துக்குள் வருகிற கேள்விதானே! அந்தத் தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் கிரைண்டிங் வேலை பார்க்கிறார். பெரியம்மா தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்காங்க. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது பணம் குறைந்தது. பெரியம்மா காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துக் கொடுத்தாங்க. படிக்கிற பிள்ளை என்பதால் எங்கள் தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். பேங்க் நோட்டீஸ், ரேஷன் கார்டு விவகாரம், மருந்துச் சீட்டு எல்லாம். எனக்கும் அதில் ஒரு பெருமை.

போன வருஷம் மாசியில் பெரியம்மாவுக்கு ஒரு பக்க மார்பில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. (இந்த வார்த்தையை எழுத எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. எங்கள் மேடம்தான் “நோய்க்கு இல்லாத கூச்சம் உனக்கு எதுக்கு? எழுது” என்றார்.) பக்கத்தில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு மேமோகிராம் எடுத்துக்கொண்டு திரும்ப வரச் சொன்னாங்க. நாங்களும் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய் எடுத்தோம். கவுன்ட்டரில் இருந்தவர் கவரைக் கொடுக்கும்போதே “நார்மல்தாம்மா, பயப்படாதீங்க” என்றார். வெளியே வந்ததும் பெரியம்மா, “என்ன போட்டிருக்கு கண்ணு, நீ ஒரு தடவ படி” என்றாங்க. நான் படித்தேன். ‘நோ சஸ்பிஷியஸ் மாஸ் ஸீன்’ என்று ஒரு வரி. “ஒண்ணும் இல்ல பெரியம்மா, நல்லாருக்கு” என்றேன். அந்த வரிக்கு மேலேயும் கீழேயும் இரண்டு வரி இருந்தது. அதையும் படித்தேன்தான். ஆனால் அர்த்தம் பிடிபடவில்லை, கேட்கவும் இல்லை.

ஒண்ணும் இல்லை என்று ஆன பிறகு டாக்டரம்மாவிடம் எதற்குத் திரும்பப் போவது? நூறு இருநூறு செலவு, ஒரு நாள் கடை போய்விடும். பெரியம்மா போகவில்லை. ஏழு மாதம் கழித்து அந்தப் பக்கம் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே டாக்டர் கையால் அமுக்கிப் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே அல்ட்ராசவுண்ட் எடுத்து, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்து அனுப்பினார். வந்த முடிவு: லோபுலர் கார்சினோமா. மார்பகப் புற்றுநோயில் ஒரு வகை.

அன்று ராத்திரி அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுத்து டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். மேல் வரி: ‘ஹெட்டரோஜீனியஸ்லி டென்ஸ், விச் மே அப்ஸ்க்யூர் ஸ்மால் மாஸஸ்’. அதாவது, இந்த மார்பகத்தின் திசு அடர்த்தியாக இருக்கிறது, அது சிறிய கட்டிகளை மறைக்கக்கூடும். கீழ் வரி: ‘கிளினிக்கல் கோரிலேஷன் சஜஸ்டட்’. அதாவது, டாக்டர் நேரில் உடம்பைப் பார்த்து இதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எல்லாம் அந்தக் காகிதத்திலேயே இருந்தது நண்பர்களே! இங்கிலீஷில் இருந்தது. நான்தான் நடு வரியை மட்டும் தமிழாக்கிச் சொன்னேன்.

அப்பா நடத்திய வகுப்பு

நான் அழுததைப் பார்த்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஐந்தாம் வகுப்பு. ஆனால் எக்ஸ்ரே பற்றி எனக்கு முதலில் புரிய வைத்தது அவர்தான்.

அவர்கள் ஷாப்பில் பாய்லர் பைப்புக்கு வெல்டிங் முடிந்ததும் ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுப்பார்கள். அதற்கு ஆர்.டி. என்று பெயர். “படம் எடுக்கறதுக்கு முன்னாடி ஜாயின்ட் மேல மெல்லிசு மெல்லிசா கம்பி வரிசையா வெச்ச ஒரு பட்டையை ஒட்டுவாங்க பாப்பா. படத்துல அந்தக் கம்பி தெரியணும். கம்பியே தெரியலன்னா, ‘ஜாயின்ட் நல்லாருக்கு’ன்னு சொல்ல முடியாது. ‘படம் நல்லால்ல’ன்னு தூக்கிப் போட்டுருவாங்க” என்றார். பிறகு நான் எங்கள் காலேஜ் மெக்கானிக்கல் சாரிடம் கேட்டேன். உலோகத்தின் கனத்தில் சுமார் 2 சதவீதம் உள்ள கம்பி தெரிய வேண்டும் என்பது பழைய வழக்கமான கணக்கு என்றார். அதாவது, இந்தப் படத்தால் எவ்வளவு சிறியதைப் பார்க்க முடியும் என்பதை முதலில் நிரூபித்துவிட்டுத்தான் “குறை இல்லை” என்ற பேச்சே!

அப்பா இன்னொன்றும் சொன்னார். “நெட்டுக்குத்தா நிக்கிற விரிசல் ஆர்.டி.ல கோடாத் தெரியும். படுத்த விரிசல் தெரியாது. அதுக்கு யு.டி.தான் போடணும்.” யு.டி. என்பது அல்ட்ராசானிக் சோதனை. எக்ஸ்ரே போகிற பாதையில் உலோகம் எவ்வளவு குறைகிறது என்பதைத்தான் ஃபிலிம் பதிவு செய்கிறது. நின்றவாக்கில் இருக்கும் விரிசலில் கதிர் நீள நெடுக வெற்றிடத்தில் போகும். கறுப்புக் கோடு விழும். படுத்த விரிசலின் கனமோ ஒரு மயிரிழை. அதனால் நிழலே மாறாது. விரிசல் பெரிதாக இருந்தும் படம் சுத்தமாக இருக்கும்.

எக்ஸ்ரே என்பது நிழல். 1895 நவம்பர் 8-ஆம் தேதி ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை அதன் அடிப்படை அதுதான். அடர்த்தி வித்தியாசம் இருந்தால் நிழலில் வித்தியாசம் தெரியும். இல்லையென்றால் தெரியாது.

வெள்ளையில் வெள்ளை

இப்போது மேமோகிராமுக்கு வருவோம். இதுவும் குறைந்த சக்தி எக்ஸ்ரேதான். படத்தில் கொழுப்பு கறுப்பாக, சாம்பலாகத் தெரியும். பால் சுரப்பியும் நார்த் திசுவும் வெள்ளையாகத் தெரியும். புற்றுக்கட்டி எப்படித் தெரியும் தெரியுமா? அதுவும் வெள்ளையாகத்தான்! வயதான பெண்கள் பலருக்குக் கொழுப்பு அதிகம் என்பதால் கறுப்பு வானத்தில் நிலா மாதிரி கட்டி தெரிந்துவிடும். அடர்த்தியான திசு உள்ளவர்களுக்குப் படம் முழுக்கவே வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவரில் சாக்பீஸால் எழுதினால் யார் கண்ணுக்குத் தெரியும்?

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சொல்கிற கணக்குப்படி, நோய் அறிகுறி இல்லாதவர்களுக்கு எடுக்கும் மேமோகிராம், அந்த நேரத்தில் இருக்கிற மார்பகப் புற்றுநோய்களில் சுமார் ஐந்தில் ஒன்றைத் தவறவிடுகிறது. அடர்த்தியான திசு உள்ளவர்களில் தவறுவது இன்னும் அதிகம்.

பெரியம்மாவுக்கு வந்த லோபுலர் வகைக்குத் தனியாக ஒரு குணம் உண்டு. சாதாரணமாகப் புற்றுச் செல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு உருண்டையாகத் திரளும். ஒட்ட வைப்பது இ-கேதரின் என்கிற ஒரு புரதம். லோபுலர் வகையில் பெரும்பாலும் அந்தப் புரதம் இருக்காது. அதனால் செல்கள் திரளாமல், எறும்பு வரிசை மாதிரி ஒற்றை வரிசையாகத் திசுவுக்குள் ஊர்ந்து போகும். கட்டியே இல்லை என்றால் கட்டியைப் படம் எப்படிக் காட்டும்? அப்பா சொன்ன படுத்த விரிசல்தான் ஞாபகம் வந்தது.

எத்தனை சிறியதைப் பார்க்க முடியும்?

“ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்” என்று போஸ்டரில் போட்டிருப்பார்கள். உண்மைதான். ஆனால் ‘ஆரம்பம்’ என்றால் எது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம் வாருங்கள்.

ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும். இப்படி 30 தடவை இரட்டித்தால் 107 கோடி. ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கட்டியில் ஏறத்தாழ இத்தனை செல் இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சில பேர் இதைவிடக் குறைவு என்றும் சொல்வார்கள். எப்படியானாலும், ஒரு செல்லிலிருந்து நாம் ‘சின்னக் கட்டி’ என்று சொல்கிற அளவுக்கு வருவதற்குள் அது தன் பயணத்தில் பெரும்பகுதியை முடித்துவிட்டது. இன்னும் பத்தே பத்து தடவை இரட்டித்தால் ஒரு கிலோ! ஒரு தடவை இரட்டிக்க நூறு நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் வருவதற்கே எட்டு வருஷத்துக்கு மேல். அந்த எட்டு வருஷத்தில் மிகப் பெரும்பகுதி எந்த ஸ்கேனுக்கும் அகப்படாத காலம்.

சரி, மெஷினை நன்றாக்கி அரை சென்டிமீட்டரையே பார்த்துவிடுகிறோம் என்று வையுங்கள். குறுக்களவு பாதியானால் கன அளவு எட்டில் ஒன்று. அதாவது மூன்று இரட்டிப்புதான் முன்னே போயிருக்கிறோம். மெஷினுக்குக் கோடிக்கணக்கில் செலவு; கிடைத்தது 30-லிருந்து 27. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சி.டி., எம்.ஆர்.ஐ., பெட்...

சி.டி. ஸ்கேன் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் இ.எம்.ஐ. கம்பெனி இன்ஜினியர் ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த மெஷினில் 1971 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் நோயாளியைப் படம் எடுத்தார்கள். 1979-ல் அவருக்கும் கோர்மாக்குக்கும் நோபல் பரிசு. (ஹவுன்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் இல்லை, நம்மைப் போல டிப்ளமோக்காரர் என்பதை இந்த மலரில் சொல்லாமல் விடலாமா!) சுற்றிச் சுற்றிக் கதிர் விட்டு, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, உடம்பைத் துண்டு துண்டாகப் படம் போடுகிறது. ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் ஓர் எண். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000.

சிக்கல் எங்கே என்றால், கல்லீரல், சதை, கட்டி எல்லாமே அந்த அளவுகோலில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அதனால்தான் நரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி, ரத்த ஓட்டத்தை வைத்து வித்தியாசம் பார்க்கிறார்கள். கணையத்தில் வருகிற சில கட்டிகள் மருந்து ஏற்றிய பிறகும் சுற்றியுள்ள திசுவின் நிறத்திலேயே இருந்துவிடும். அதோடு, ஒரு கட்டத்துக்குள் பாதி கட்டியும் பாதி கொழுப்பும் இருந்தால் மெஷின் இரண்டுக்கும் சராசரி எண்ணைத்தான் கொடுக்கும். நாம் டிஜிட்டல் பேப்பரில் சாம்ப்ளிங் படித்தோமே, அதே சங்கதி. வயிற்றின் உள் சவ்வில் மணல் தூவின மாதிரி பரவும் சின்னப் புள்ளிகளை சி.டி. பல சமயம் காட்டாமல் போவதும், ஆபரேஷனுக்கு வயிற்றைத் திறந்த பிறகு டாக்டர் பார்ப்பதும் இதனால்தான்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும். மென்மையான திசுக்களைப் பிரித்துக் காட்டுவதில் கெட்டி. மார்பகத்துக்கு மேமோகிராமைவிட அதிகமாகக் கண்டுபிடிக்கும். ஆனால் நோய் இல்லாததையும் சேர்த்துச் சந்தேகப்பட வைக்கும். செலவும் நேரமும் அதிகம். அல்ட்ராசவுண்டுக்குக் காற்றும் எலும்பும் ஆகாது. நுரையீரல் உள்ளே, குடல் காற்றுக்குப் பின்னால் எல்லாம் அதற்கு இருட்டு. பார்க்கிறவர் கை பழக்கத்தையும் பொறுத்தது.

பெட் ஸ்கேன் கொஞ்சம் சுவாரசியமானது. புற்றுச் செல்கள் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் என்பதால், கதிரியக்க ஃப்ளூரின்-18 ஒட்டிய ஒரு வகைச் சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். அதன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம்தான். எங்கே அதிகம் சேருகிறதோ அங்கே படம் பளிச்சென்று ஒளிரும். “ஆஹா, இதுதான் புற்றுநோயைக் காட்டும் விளக்கு!” என்று நானும் நினைத்தேன். ஆனால் மூளை எப்போதும் சர்க்கரை சாப்பிடுவது. அது எப்போதும் ஒளிரும். மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் மூத்திரப்பையும் ஒளிரும். மெதுவாக வளர்கிற புற்றுக்கள் சர்க்கரையை அவ்வளவாக எடுப்பதில்லை; அவை மங்கலாகவே இருந்துவிடும். புராஸ்டேட் புற்றுக்கள் பல அப்படி. லோபுலர் வகையும் சில சமயம் அப்படியே. இதெல்லாம் போக, நம் நாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல்: காசநோய்! டி.பி. வந்த நுரையீரலும் நெறிக்கட்டியும் புற்றுநோய் மாதிரியே ஒளிரும். வெளிச்சத்தை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் முடிவு.

அதனால்தான் எந்த ஸ்கேன் எடுத்தாலும் டாக்டர்கள் கடைசியில் “பயாப்ஸி பார்க்கணும்” என்கிறார்கள். “அத்தனை பணம் கட்டி ஸ்கேன் எடுத்தாச்சு, இன்னும் எதுக்கு ஊசி?” என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சண்டை போட்டார். ஸ்கேன் இடத்தைக் காட்டும். அது என்ன என்பதைச் சொல்வது சதைதான். ரத்தப் புற்றுநோய் மாதிரி கட்டியே இல்லாத வகைக்கு ரத்தமும் எலும்பு மஜ்ஜையும்தான் பேசும்.

பார்க்கிற கண்

மெஷின் மட்டுமா? பார்க்கிறவரும் மனிதர்தானே. 2013-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளிவந்தது. 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்து, சின்னச் சின்ன முடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தில் யாருக்கும் சொல்லாமல் ஒரு கொரில்லா பொம்மைப் படத்தை ஒட்டிவிட்டார்கள். சாதாரண முடிச்சைப் போல 48 மடங்கு பெரியது! 24 பேரில் 20 பேர் அதைப் பார்க்கவில்லை. கண் எங்கே போகிறது என்று பதிவு செய்து பார்த்ததில், தவறவிட்டவர்களில் பெரும்பாலோர் கொரில்லா இருந்த இடத்தை நேராகவே பார்த்திருக்கிறார்கள்!

இதைக் கேட்டு நாங்கள் லேபில் ஒரே சிரிப்பு. பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். முடிச்சைத் தேடு என்றால் மனம் முடிச்சை மட்டும் தேடுகிறது. அதனால்தான் ஸ்கேனுக்கு எழுதித் தரும் சீட்டில் “எந்த இடத்தில், எத்தனை நாளாக, என்ன தொந்தரவு” என்று டாக்டர் எழுதுவது அவ்வளவு முக்கியம். பெரியம்மாவின் சீட்டில் ‘மேமோகிராம்’ என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது. எந்தப் பக்கம் என்றுகூட இல்லை.

அதிகமாகப் பார்ப்பதும் ஆபத்தா?

“அப்படியானால் எல்லோரும் வருஷா வருஷம் எல்லா ஸ்கேனும் எடுத்துவிட்டால் என்ன?” என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் தென் கொரியாவில் இருக்கிறது.

அங்கே 1999-ல் அரசாங்கம் சில புற்றுநோய்களுக்கு இலவசப் பரிசோதனை ஆரம்பித்தது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிகளில் கொஞ்சம் பணம் சேர்த்துக் கட்டினால் கழுத்தில் அல்ட்ராசவுண்டும் செய்துவிடுவார்கள். விளைவு? 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு! ஒரே வருஷத்தில் 40,000 பேருக்கு மேல். ஆனால் அந்த நோயால் இறப்பவர்கள் விகிதம் குறையவே இல்லை, அப்படியே இருந்தது. அர்த்தம் என்ன? ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் செய்யாமல் சும்மா கிடக்கிற சின்னக் கட்டிகளையெல்லாம் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஆபரேஷன். பலருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை. சுமார் 2 சதவீதம் பேருக்குக் குரல் நாண் செயலிழப்பு. 2014-ல் அந்நாட்டு டாக்டர்களே இதை நிறுத்துங்கள் என்று குரல் கொடுத்த பிறகு ஒரே வருஷத்தில் ஆபரேஷன்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அதிகம் புகைபிடித்த 53,454 பேரிடம் ஒரு பெரிய சோதனை செய்து 2011-ல் முடிவு வெளியிட்டார்கள். குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தவர்களில், மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. இது பெரிய விஷயம். ஆனால் எடுத்த சி.டி.களில் நாலில் ஒன்று ஏறக்குறைய ‘சந்தேகம்’ என்று வந்தது. அந்தச் சந்தேகங்களில் 96.4 சதவீதம் புற்றுநோயே இல்லை! உயிர் காத்ததும் உண்மை, பயமுறுத்தியதும் உண்மை. யாருக்கு எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அத்தனை பேரும் நிறையப் புகைத்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

நம் ஊரில் பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘முழு உடல் ஸ்கேன், சலுகை விலையில்’ என்று ஒட்டியிருக்கிறார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு முழு உடல் ஸ்கேன் எடுப்பதை அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியே சிபாரிசு செய்யவில்லை. கதிர்வீச்சையும் சொல்ல வேண்டும். ஒரு மார்பு எக்ஸ்ரே சுமார் 0.1 மில்லிசீவர்ட். சாதாரண மார்பு சி.டி. ஏழு வரை போகும். தேவை இருக்கும்போது அது பொருட்டே இல்லை. டாக்டர் எழுதினால் பயப்படாமல் எடுங்கள். ஆசைக்கு எடுப்பதற்குத்தான் யோசிக்க வேண்டும்.

கையும் காடியும்

இத்தனை மெஷின் பேசிவிட்டு, மெஷினே இல்லாத இரண்டு விஷயம் சொல்கிறேன். எனக்கு இந்தக் கட்டுரையிலேயே பிடித்த பகுதி இதுதான்.

மும்பையில் டாட்டா மெமோரியல் மருத்துவமனை 1998-ல் ஒரு சோதனை ஆரம்பித்தது. குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்கள். அதில் பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பெண் ஊழியர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். ஸ்கேன் இல்லை, கரண்டுகூட வேண்டாம். 2021-ல் வந்த முடிவு: 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. 50-க்குக் கீழே உள்ளவர்களுக்கு அப்படிப் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு வயது 52.

இன்னொன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில்! 2000-ல் ஆரம்பித்து, கிராமங்களில் 30-லிருந்து 59 வயது வரை உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம், அதாவது காடி மாதிரியான திரவம், தடவிப் பார்த்தார்கள். மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகும். பயிற்சி பெற்ற நர்ஸ் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒரே ஒரு தடவை செய்ததற்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. இந்த இடத்தில் எந்த ஸ்கேனும் போட்டிக்கே வர முடியாது. ஏனென்றால் கட்டி உருவாவதற்கு முன்னாலேயே பிடிக்கிறார்கள்.

போன மாதம்

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் ஆயிற்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் தோடு மறுபடி அடகுக்குப் போகவில்லை. கீமோவில் முடி கொட்டியது, இப்போது சுருட்டையாக முளைத்திருக்கிறது. “பாத்தியா, சினிமா நடிகை மாதிரி” என்று அவங்களே சொல்லிச் சிரிக்கிறாங்க. தினமும் ஒரு மாத்திரை, பல வருஷத்துக்கு. அந்த ஏழு மாதத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். “முன்னாடியே வந்திருந்தா நல்லாதான் இருந்திருக்கும்மா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெரியம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

போன மாதம் செக்கப்புக்கு நான்தான் கூடப் போனேன். இன்டர்னல் டெஸ்ட் இருந்தது, லீவு போட்டுவிட்டேன். மறுபக்கத்துக்கு எடுத்த மேமோகிராம் ரிப்போர்ட் கைக்கு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அடர்த்தி என்ன, அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்த்தார்களா, கீழே என்ன சிபாரிசு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

“ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கா கண்ணு?”

“படத்துல எதுவும் தெரியலன்னு போட்டிருக்கு பெரியம்மா. டாக்டர் கையால பாக்கட்டும். ரெண்டு கேள்வி எழுதி வெச்சிருக்கேன், அதையும் கேக்கணும்.”

பெரியம்மா என் நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. படிக்கத் தெரியாது. பிறகு முந்தானையால் துடைத்து என்னிடமே கொடுத்துவிட்டு, “பன்னெண்டாம் நம்பர் கூப்புடுறாங்க, எழுந்திரு” என்றாங்க.